பாதை போடாத மலையில் பத்துப் பாதைகள்

மலையேறுகிறவர்களிடையே ஒரு கருத்து ஏறக்குறைய வேதவாக்காகிவிட்டது. சிகரத்துக்குப் பாதை போட்டால் மலை கெட்டுவிடும், பாதை இல்லாமல் விட்டால் மலை மலையாகவே இருக்கும் என்பது அது. மரத்தில் குறி வைப்பதும், கல் பாவுவதும், வடிகால் வெட்டுவதும் மலையைப் பூங்காவாக்கும் வேலை என்கிறார்கள். வரைபடத்தையும் திசைகாட்டியையும் நம்பிப் புதருக்குள் வழி தேடிப் போகிறவர்தான் மலைக்கு உரிய மரியாதை செய்கிறார் என்கிறார்கள். இப்படிச் சொல்கிறவர்கள் மலையை உயிராக நேசிப்பவர்கள். சாலையும் கேபிள் காரும் உச்சிக் கடைகளும் எத்தனை மலைகளைக் குலைத்துப்போட்டன என்று பார்த்து நொந்தவர்கள். அந்த நேசத்தின் மேலுள்ள மதிப்பினாலேயே அவர்களுடைய முடிவை யாரும் உரசிப் பார்ப்பதில்லை. உரசிப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது. காலையில் ஏறி இருட்டுவதற்குள் இறங்கும் ஒருநாள் மலையேற்றம் உலகெங்கும் பெருகிவருகிறது. நெடுங்காலம் கவனித்துப் பதிவு செய்யப்பட்ட மலைகளில் இந்தக் கருத்துக்கு நேர்மாறான சான்றுகளே குவிந்திருக்கின்றன. ஆள் வரத் தொடங்கிவிட்ட ஒரு சிகரத்தைப் பாதை போடாமல் விட்டால், அதன் மேல் பத்துப் பாதைகள் தாமாகவே விழுகின்றன.

இதற்கு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து அடிரொண்டாக் மலைகளைவிடத் தெளிவான சான்று கிடையாது. அங்கே 1918இல் ராபர்ட் மார்ஷல், ஜார்ஜ் மார்ஷல் என்ற இளம் சகோதரர்களும் அவர்களுடைய வழிகாட்டி ஹெர்பர்ட் கிளார்க்கும் நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட எல்லாச் சிகரங்களையும் ஏறிவிடுவது என்று தொடங்கினார்கள். அன்றைய வரைபடங்களின்படி அந்தக் கணக்கு 46 சிகரங்களில் நின்றது. 1925இல் ஏறி முடித்தார்கள். அந்தச் சிகரங்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்போது பாதை இல்லை. பின்னாளில் அந்தப் பட்டியலே ஒரு நோன்பு போல ஆனது. 46ஐயும் ஏறி முடித்தவர்களுக்குச் சங்கம் அமைந்தது, வரிசை எண் வழங்கப்பட்டது. முடித்தவர்களின் எண்ணிக்கை இன்று பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. இந்த 46இல் ஏறத்தாழ இருபது சிகரங்களுக்கு மட்டும் யாரும் பாதை வெட்டவில்லை, குறி வைக்கவில்லை, பராமரிக்கவில்லை. மாநில அரசியல் சாசனமே அந்தக் காடுகள் என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும் என்று 1894 முதல் சொல்லிவருகிறது. பாதையில்லாச் சிகரம் என்ற பெயர் அவற்றுக்கு ஒரு பட்டம் போல நிலைத்தது. பாதை போடாவிட்டால் மலை பிழைக்கும் என்ற கூற்றைச் சோதிக்க இதைவிட நல்ல களம் அமையாது. ஒரே மலைத்தொடர், ஒரே பாறை, ஒரே மழை, ஒரே வகை ஆட்கள். ஒரு பகுதிச் சிகரங்களுக்குப் பாதை உண்டு, மறு பகுதிக்கு இல்லை.

பாதை இல்லாத சிகரங்களில் விளைந்தவற்றுக்கு அங்குள்ளவர்கள் வைத்த பெயர் மந்தைத்தடம். நம்மூரில் ஆட்டுத்தடம் என்போமே, அதேதான். இங்கே மந்தை மனிதர்களுடையது. ஸ்புரூஸும் ஃபிர்ரும் நெருங்கிய காட்டில் ஒரு மரம் விழுந்து கிடக்கிறது. முதலில் வருகிறவர் இடப்புறமாகச் சுற்றுகிறார், அடுத்தவர் வலப்புறமாக. 1950 நவம்பரில் அடித்த பெரும்புயல் அந்தக் காட்டில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. அத்தனை மரமும் ஒரு கிளைபிரிப்பு. போகிற வழி சரியா என்று சொல்ல எதுவும் இல்லாததால், பாதி ஆட்கள் தவறான கிளையில் போய், பாறை மறித்த இடத்தில் நின்று, வந்த வழியே திரும்புகிறார்கள். இதில் ஒரு கொடுமை உண்டு. எங்கும் போய்ச் சேராத தடத்தை ஒவ்வொருவரும் இருமுறை மிதிக்கிறார்கள். மிதிபட மிதிபட அது சரியான வழி போலத் தோற்றம் கொள்கிறது. அடுத்த வாரம் வருகிறவர் அதையே நம்புகிறார். உச்சியில் இன்னும் மோசம். பாதையில்லாச் சிகரங்களில் பெயர் எழுதிவைக்க ஏட்டுடன் ஒரு குப்பியை மரத்தில் கட்டியிருந்தார்கள். அந்தக் குப்பியைத் தேடி ஆட்கள் உச்சியின் எல்லாப் பக்கமும் அலைந்தார்கள். பாசியும் மெல்லிய மண்ணும் பறிபோய்ச் சிலந்திவலை போலத் தடங்கள் விழுந்தன. குப்பிகளைப் பிற்பாடு அகற்றிவிட்டார்கள். அகற்றியதுமே விழுந்த தடங்கள் மறைந்துவிடவில்லை.

இது அந்த மலைக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று, ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு நிலத்திலேயே காரணம் இருக்கிறது. முதலாவது சிகரத்தின் வடிவம். அடிவாரத்தில் நூறு பேர் நூறு திசையில் சிதறலாம். உச்சி ஒரே இடம். எங்கிருந்து புறப்பட்டாலும் எல்லாரும் கடைசியில் அதே சில சதுர மீட்டரில் வந்து நிற்க வேண்டும். அந்தச் சில சதுர மீட்டரில்தான் மண் மிக மெலிந்தும், பருவம் மிகக் குறுகியும், செடிகள் மிக மெதுவாக வளர்ந்தும் இருக்கின்றன. அடிரொண்டாக்கில் மரக்கோட்டுக்கு மேலே உள்ள நிலம் மொத்தமும் சுமார் 170 ஏக்கர்தான். பனியூழி பின்வாங்கியபோது அங்கே தங்கிப்போன செடிகளின் கடைசி வீடு அது. இரண்டாவது காரணம் மிதிபடுதலின் கணக்கு. மிதிக்கும் ஆட்கள் பத்து மடங்கானால் சேதமும் பத்து மடங்காகும் என்று நம் மனம் எண்ணுகிறது. டேவிட் கோல் முதலிய ஆய்வாளர்கள் பல்லாண்டு செய்த சோதனைகள் அப்படிக் காட்டவில்லை. சேதத்தின் பெரும்பங்கு முதல் சில பத்து, சில நூறு காலடிகளிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அதன் பிறகு சேதத்தின் வளர்ச்சியைக் காட்டும் கோடு தட்டையாகிவிடுகிறது. செடிக்குச் செடி வேறுபாடு உண்டு. கோரைப்புல் கொஞ்சம் தாங்கும், அகன்ற இலைச் சிறுசெடி தாங்காது. ஆனால் கோட்டின் வடிவம் மாறுவதில்லை. ஆயிரம் பேர் ஒரே தடத்தில் நடந்தால் ஒரு தடம் அழியும். அதே ஆயிரம் பேர் பத்துத் தடங்களில் நூறு நூறாகப் பிரிந்தால் பத்துத் தடமும் கிட்டத்தட்ட முழுதாக அழியும். பாதையில்லா மலையின் பக்கம் நிற்பவர்கள் இந்த ஒரு கணக்குக்கு விடை சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது காரணம் ஒருநாள் மலையேற்றத்துக்கே உரியது. முதுகில் கூடாரம் இல்லை, இருட்டுவதற்குள் இறங்க வேண்டும். நேரத்தின் நெருக்கடியில் நடக்கிறவர் சேற்றைக் கண்டதும் ஓரமாக ஒதுங்குகிறார், வளைவைக் கண்டதும் குறுக்கே வெட்டுகிறார். ஓரம் மிதிபட்டதும் அதுவும் சேறாகிறது. அடுத்தவர் அதற்கும் ஓரமாக ஒதுங்குகிறார். ஓரடி அகலத் தடம் சில பருவங்களில் பத்தடிச் சேற்றுக்குட்டையாவது இப்படித்தான். பனி உருகி மண் ஊறிக் கிடக்கும் வசந்தகாலத்தில் 2,500 அடிக்கு மேலே ஏற வேண்டாம் என்று அடிரொண்டாக் நிர்வாகம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்வதும், சேற்றை விலக்காதீர்கள், நடுவிலேயே நடங்கள் என்று தொண்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதற்காகத்தான். சேற்றின் நடுவில் நட என்று சொல்லவேண்டுமானால் நடு எது என்று தெரிய வேண்டும். பாதையே இல்லாத இடத்தில் நடுவும் ஓரமும் ஏது?

பாதையில்லாச் சிகரங்களுக்கு அங்கே கண்ட மருந்து என்ன என்று பார்த்தால் விவாதம் பாதி தீர்ந்துவிடும். 1990களின் பிற்பகுதியிலிருந்து, 46 சிகரம் ஏறியவர்களின் சங்கமும் மாநில அரசும் சேர்ந்து ஒவ்வொரு சிகரமாகத் தடங்களை ஆராய்ந்தன. குறைந்த சேதத்தோடு உச்சியை அடையும் ஒரே ஒரு தடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்றவற்றின் வாயில்களில் விழுந்த கிளைகளையும் குச்சிகளையும் போட்டு மறைத்தார்கள். பெயின்ட் குறி வைக்கவில்லை, கைப்பிடி வைக்கவில்லை. ஆனால் எது வழி என்று மண்ணே சொல்லும்படி செய்தார்கள். பாதை கூடாது என்று அரை நூற்றாண்டு விரும்பியவர்களின் சங்கமே இந்த வேலையைச் செய்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கண்ணால் கண்ட சேதம் அவர்களை மாற்றியது. இத்தகைய மனமாற்றத்தைத் தோல்வி என்று பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது நேர்மையின் உச்சம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இதற்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு. பாதையே செடியைக் கொன்ற இடங்கள் இல்லையா? உண்டு. மிகப் புகழ்பெற்றது நியூஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகளில் உள்ளது. 1819இல் வெட்டப்பட்ட கிராஃபோர்டு பாதை மவுன்ட் வாஷிங்டனை நோக்கிப் போகும்போது மன்ரோ சிகரத்தை ஒட்டிய சமதளத்தைக் கடக்கிறது. ராபின்ஸ் சிங்க்ஃபாயில் என்ற சிறு மஞ்சள் பூச்செடிக்கு உலகில் இருந்த மிகப் பெரிய வாழிடம் அந்தச் சமதளம். உள்ளங்கையில் அடங்கிவிடும் செடி. மலையேறிகளின் பூட்ஸ்களும், உலர்த்தி ஒட்டிவைக்கப் பறித்துப் போன தாவரச் சேகரிப்பாளர்களும் அதை ஒழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்தார்கள். 1980இல் அழிவாபத்துப் பட்டியலில் சேர்த்தார்கள். பாதை எதிர்ப்பாளர்கள் கதையை இங்கே நிறுத்திவிடுவார்கள். மீதிக் கதைதான் முக்கியம். 1983இல் பாதையைச் செடியின் வாழிடத்திலிருந்து விலக்கி வேறு தடத்தில் போட்டார்கள். ஓரமாகத் தாழ்ந்த கல்வரப்பு அடுக்கி, உள்ளே போகக்கூடாது என்று அறிவித்தார்கள். நாற்றுகளையும் வளர்த்து நட்டார்கள். செடிகளின் எண்ணிக்கை 14,000ஐத் தாண்டியது. 2002இல் அந்தப் பூ அழிவாபத்துப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. பாதையைத் துடைத்து அழித்து, அவரவர் இஷ்டப்படி ஏறுங்கள் என்று விட்டிருந்தால் அந்தச் சமதளத்தில் எத்தனை பூ மிஞ்சியிருக்கும்? தவறான இடத்தில் இருந்த பாதை கொன்றது. சரியான இடத்துக்கு மாற்றப்பட்டு, எல்லை தெரியும்படி அமைந்த பாதை காப்பாற்றியது.

அதனால் எந்தப் பாதையும் நல்ல பாதை என்று இங்கே வாதாடவில்லை. அடிரொண்டாக்கின் பழைய பாதைகள் பல, பத்தொன்பதாம் நூற்றாண்டு வழிகாட்டிகள் உச்சியை நேராகக் குறிவைத்து வெட்டியவை. மழைநீர் எந்தத் திசையில் இறங்குமோ அதே திசையில் ஏறுகின்றன. விளைவு, மழை பெய்ததும் பாதை ஓடையாகிறது. மண் முழுவதும் கரைந்து, பாறையும் வேருமாக எலும்பு தெரியக் கிடக்கிறது. பாதை எதிர்ப்பாளர்கள் காட்டும் கோரமான படங்களில் பல இந்தப் பாதைகளின் படங்கள். ஆனால் அவை காட்டுவது பாதை அமைக்கும் தொழிலறிவு அன்று இல்லாததைத்தான். சரிவைக் குறுக்காக வெட்டி ஏறி, கொண்டை ஊசி வளைவில் திரும்பி, சில அடிகளுக்கு ஒருமுறை நீர் வெளியே வடிய வழிவிட்டு, ஊறும் இடத்தில் கல் பாவி அமைத்த பாதை அப்படி ஆவதில்லை. இங்கேதான் பாதையில்லாக் கொள்கையின் கண்மூடித்தனம் வெளிப்படுகிறது. மனிதக் கால்கள் தாமாகத் தேர்ந்தெடுக்கும் தடம் எப்போதும் அந்த மோசமான நேர்த்தடம்தான். மந்தைத்தடங்கள் வளைந்து ஏறுவதில்லை. பொறியியல் தெரியாத பழங்காலப் பாதையின் எல்லாக் குறையும் அவற்றுக்கு உண்டு. திருத்துவதற்குப் பொறுப்பானவர் யாரும் இல்லை என்ற குறை கூடுதலாக உண்டு.

இங்கிலாந்தின் பிளாக் ஹில் இன்னொரு சான்று. 1965இல் திறக்கப்பட்ட பெனைன் நெடும்பாதை அந்தக் குன்றின் மேல் போகிறது. பீட் எனப்படும் கறுத்த சதுப்பு மண் அது. காலை வைத்தால் முழங்கால்வரை விழுங்கும். பாதை என்பது வரைபடத்தில் ஒரு கோடு. தரையில் எதுவும் கிடையாது. நடக்கிறவர்கள் காய்ந்த இடம் தேடி விலக விலக, உச்சி புல்லே இல்லாத கறுப்புச் சேற்று மேடானது. தொழிற்சாலைப் புகையும் தீயும் அந்த மேட்டுநிலத்தை முன்பே நோகடித்திருந்தன. பழி முழுவதையும் நடந்தவர்கள் மேல் போடுவது நியாயமில்லை. ஆனால் மீட்பு எப்படித் தொடங்கியது என்பதைப் பாருங்கள். மூடப்பட்ட பழைய பஞ்சாலைகளின் தளக்கற்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து சதுப்பின் மேல் வரிசையாகப் பாவினார்கள். காலுக்கு உறுதியான இடம் கிடைத்ததும் ஆட்கள் விலகி அலைவது நின்றது. மற்ற இடங்களில் விதைத்து மண்ணைப் பிடித்தார்கள். இன்று அந்த உச்சி பசுமையாக இருக்கிறது. கற்பாதை அசிங்கம், இயற்கைக்கு ஒவ்வாதது என்று அப்போது எதிர்த்தவர்கள் இருந்தார்கள். இரண்டடி அகலக் கல்வரிசை கண்ணை உறுத்துகிறது என்பதை ஒப்புக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து மீட்டர் அகலத்துக்குப் பரவிய கறுப்புச் சேறு யார் கண்ணுக்கு இயற்கையாகத் தெரிந்தது என்பதுதான் புரியவில்லை.

நுணுக்கம் அறிந்தவர்கள் வேறொரு விதியைச் சுட்டுவார்கள். மனிதத் தடம் படாத இடங்களில் குழுவினர் ஒரே வரிசையில் நடக்காமல் பரந்து நடக்க வேண்டும் என்று தடம் பதிக்காமை பற்றிய கையேடுகளே சொல்கின்றனவே என்பார்கள். சொல்கின்றன, அது சரியும்கூட. ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் ஆட்கள் மட்டும் போகும் இடத்துக்கு அந்த விதி பொருந்தும். மேலே சொன்ன கோட்டின் தொடக்க முனைக்கும் கீழே, புல் நிமிர நேரம் கிடைக்கும் இடத்துக்கு அது. அதே கையேடுகள் ஆட்கள் மிகுந்த இடத்தில் இருக்கும் பாதையை விட்டு விலகாதே என்றும் சொல்கின்றன. ஏறி முடித்தவர்களுக்கு எண் வழங்கும் பட்டியலில் சேர்ந்துவிட்ட சிகரம் எந்த வகையில் சேரும் என்பதில் ஐயம் இருக்க முடியாது. விதியின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கூட்டம் நிறைந்த சிகரத்துக்கு அதைப் பொருத்துவது விதியைத் தலைகீழாகப் பிடிப்பது.

நம் பக்கத்துக்கும் இந்த விவாதம் தூரத்து விஷயமில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றத் தடங்களை இணையப் பதிவோடும், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடும் திறந்தது. வழிகாட்டி முன்னே போவது நல்ல தொடக்கம். ஆனால் மேற்குத்தொடர்ச்சியின் உச்சிப் புல்வெளியில் பின்னால் வரும் குழு அகலமாகப் பரவி நடந்தால், அல்லது சரிவில் நேராக ஏறினால், தென்மேற்குப் பருவமழை மிச்ச வேலையைச் செய்துவிடும். சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே எந்தக் கோட்டில் நடக்க வேண்டும், நீர் எங்கே வடிய வேண்டும், உச்சியில் எந்தப் பாறை வரை போகலாம் என்று தரையில் முடிவு செய்வதுதான் பாதை அமைத்தல். தடத்தைத் திறப்பதோடு நிறுத்தி, இந்த வேலையைக் காட்டின் தூய்மையைக் கெடுப்பதாக எண்ணித் தயங்கினால், அடிரொண்டாக் அரை நூற்றாண்டில் கற்றதை இங்கே புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்.

இனி எல்லாரும் சொல்லும் மறுப்பு: பாதை போட்டால் கூட்டம் கூடும். கேட்பதற்கு மறுக்க முடியாதது போலத் தோன்றும் இதற்கும் அடிரொண்டாக்கே விடை வைத்திருக்கிறது. 1950களில் செய்த புது அளவீட்டில், பட்டியலில் உள்ள நான்கு சிகரங்கள் நாலாயிரம் அடியைத் தொடவில்லை என்று தெரியவந்தது. கூச்சசராகா என்ற சிகரம் 3,820 அடிதான். பட்டியலில் இல்லாத மக்னாட்டன் சரியாக 4,000 அடி என்று அதே அளவீடு காட்டியது. மரபைக் கருதிப் பட்டியலை மாற்றாமல் விட்டார்கள். கூச்சசராகாவுக்கும் பாதை இல்லை, மக்னாட்டனுக்கும் பாதை இல்லை. ஆனால் 46ஐ முடிக்க நினைக்கும் ஒவ்வொருவரும், போகும் வழியில் பெரிய சதுப்பைக் கடந்து, காட்சியும் பெரிதாக இல்லாத கூச்சசராகாவுக்குப் போயே ஆக வேண்டும். உயரத்தில் மிஞ்சிய மக்னாட்டனுக்குப் போகிறவர்கள் மிகச் சிலர். கூட்டத்தை அழைப்பது பட்டியல். இப்போது அதோடு படமும் கைப்பேசியில் பகிரப்படும் தடக்கோடும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. ஒருவர் தொலைந்து அலைந்த தடத்தைப் பதிவேற்றினால் அடுத்த மாதம் நூறு பேர் அதே அலைச்சலை அடிபிசகாமல் பின்பற்றுகிறார்கள். இந்தக் காலத்தில் பாதை போடாமல் இருப்பது கூட்டத்தைத் தடுக்கும் கதவன்று. கூட்டம் பெரிதென்றால் அனுமதிச் சீட்டாலும் வண்டி நிறுத்துமிடத்தின் அளவாலும் எண்ணிக்கையைக் குறைக்கலாம், குறைக்கவும் வேண்டும். அப்படிக் குறைத்த பிறகு வருகிறவர்களுக்கும் காலை வைக்க இடம் வேண்டுமே.

பாதை வந்துவிட்டால் வழி காணும் திறன் மங்கிப்போகும் என்ற கவலை இன்னும் மீதமிருக்கிறது. அது உண்மையான இழப்புதான். மேகம் மூடிய முகட்டில் சரிவின் சாய்வையும் ஓடையின் ஓசையையும் வைத்துத் தான் நிற்கும் இடத்தை அறிவது மனிதர் பெறக்கூடிய அரிய அறிவுகளில் ஒன்று. ராபர்ட் மார்ஷல் பின்னாளில் அமெரிக்கக் காட்டுநிலப் பாதுகாப்புக்கே முன்னோடியானதற்கு வேர் அந்த அனுபவத்தில் இருக்கிறது. ஆனால் மந்தைத்தடத்தில் அந்த அறிவுக்கு வேலையே இல்லை. முன்னால் போனவரின் சேற்றுக் காலடியைப் பார்த்துப் போவதற்குத் திசைகாட்டி எதற்கு? அந்தக் கலையை விரும்புகிறவர்களுக்கு எந்தப் பட்டியலிலும் இல்லாத சிகரங்கள் அந்த மலைகளிலேயே நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. எண் கிடைக்காது, குப்பி கிடையாது, பகிர்ந்துகொள்ளத் தடக்கோடும் வேண்டாம். கூச்சசராகாவுக்குச் சதுப்பின் மேல் உறுதியான ஒரே தடம் இருக்கட்டும். மக்னாட்டனில் எவரும் ஒரு குச்சியைக்கூட நகர்த்த வேண்டியதில்லை.